முட்டுக்கல்

தை அமாவாசை அன்று
குறுக்குத்துறைச் சரிவில் நிறுத்திவிட்டு வந்த கார்
எங்களுக்கு முன்னே ஆற்றில் இறங்கிவிட்டது.
மெதுவாகத்தான் போனதாம்.
எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தவர்கள்
ஒதுங்கி வழிவிட்டார்களாம்,
யாரோ பெரிய இடத்து ஆள் வருகிறார் என்று.

பம்பர் வரைக்கும் தாமிரபரணி.
ஈர வேட்டியோடு பத்துப் பன்னிரண்டு பேர் தள்ளி ஏற்றினார்கள்.
மூச்சு வாங்க ஒருத்தர் என்னிடம் கேட்டார்:
“கல்லு வைக்கலியாக்கும்?”

வைக்கவில்லை.
மூன்று வருசமாய் அது என் வேலை.
வண்டி நிற்கும். இவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்க மாட்டார்.
நான் இறங்கி, டிக்கியைத் திறந்து
அந்தக் கருங்கல்லைத் தூக்கி
பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து
“ம்” என்று சொல்லவேண்டும்.
பட்டுச்சேலையிலும் சொல்லியிருக்கிறேன்,
பாபநாசம் ஏற்றத்தில் மழையிலும்.
அன்றைக்கு மட்டும் இறங்கி நேரே நடந்துவிட்டேன்.
காலையில் இட்லிப்பொடி டப்பா மூடியை வைத்து
ஒரு சண்டை.

மேலப்பாளையத்தில் உதுமான் மைதீன் பட்டறை.
சக்கரம் வந்தது, காலிப்பர் வந்தது,
வட்டு வர மாட்டேன் என்றது.
சுத்தியலால் நாலு தட்டு.
அதன் குழிக்குள்ளிருந்து ஒரு கை ஆற்று மணல் கொட்டியது.
உள்ளே இரண்டு இரும்புப் பிறை.
லைனிங் ஒட்டு விட்டு
காய்ந்த வாழைப்பட்டை மாதிரி தனியே சுருண்டு கிடந்தது.
“எப்பம் உரிஞ்சதோ! இத்தன நாளும்
வெறுந் தகட்டைலா இழுத்திருக்கிய.”

இவர் லீவரை இழுப்பதைப் பார்க்கவேண்டும்.
பதினாலு பல்லும் கறகறவென்று,
தேர்வடம் பிடிக்கிறவர் போல.

புது ஷூ மதுரையிலிருந்து
ராத்திரி பஸ்ஸில், டிரைவர் காலடியில் வந்தது.
பெட்டிக்குள் நாலு ஷூ. ஸ்பிரிங் இல்லை.
பழசையே மண்ணெண்ணெயில் கழுவினோம்.

ஒரு பக்கம் கழற்றினால்
மறுபக்கத்தைத் தொடமாட்டார் உதுமான்.
“சந்தேகம் வந்தா எட்டிப் பாக்க ஒண்ணு வேணும்லா.”
வந்தது. நாலு தரம் எட்டிப் பார்த்தார்.
இடது வலதின் மறுதலை என்பதை
நாலு தரமும் மறந்து
நாலு தரமும் சவத்தைத் திட்டினார்.

மேல் ஸ்பிரிங் மட்டும் பூட்டவில்லை.
ஹப்புக்குப் பின்னால் அவர் விரல் நுழையாது,
இவர் விரலும்.
“யக்கா, ஒங்க கையக் கொஞ்சம் குடுங்க.”
வளையலைக் கழற்றி இவரிடம் கொடுத்தேன்.
நான் கொக்கியைப் பிடிக்க அவர் இடுக்கியால் இழுக்க
ஒருதரம் என் நெற்றியில் தெறித்தது,
ஒருதரம் சாக்கடைக்குள்.
காந்தத்தைக் கயிற்றில் கட்டி எடுத்து, திரும்பவும்
டக்.

வீட்டில் எந்தக் கதவும்
இப்படிப் பொருந்திச் சாத்தியதில்லை.

பிறகு வட்டை மாட்டி, அதன் ஓட்டை வழியே
ஸ்க்ரூடிரைவர் முனையால்
பல்சக்கரத்தைத் தள்ளித் தள்ளி
வட்டு சிக்கும்வரை.
சிக்கியதும் கொஞ்சம் பின்வாங்கி.
“சுத்திவிட்டுக் காத வச்சுக் கேளுங்க.”
கேட்டேன்.
பக்கத்து வீட்டில் யாரோ
அரிசி புடைக்கிற மாதிரி.

சாயங்காலம் அதே குறுக்குத்துறை, அதே சரிவு.
ஆறு பல்லில் லீவர் நின்றது.
கை கதவைத் திறந்துவிட்டது, கால் இறங்கிவிட்டது,
டிக்கியைத் தூக்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.
மூடிவிட்டுப் பின்னால் நின்றேன்.

பிரேக் விளக்கு இரண்டும்
சிவப்பாய் எரிந்துகொண்டேயிருந்தன.
பக்கக் கண்ணாடியில் இவர் கண்.
என் வளையல் இன்னும்
இவர் சட்டைப்பையில்.

“ம்” என்றேன்.

விளக்கு அணைந்தது.
வண்டி அசையவில்லை.

கல்லை எடுத்துப் போடச் சொல்லி
நானும் சொல்லவில்லை, இவரும் எடுக்கவில்லை.
டிக்கி விரிப்பில் அதற்கென்று
ஒரு குழி விழுந்திருக்கிறது.